பெங்களூர் நெரிசல்: பைக் வாங்கினால் பழகிவிடுமா?

4 செப்டம்பர் 2025, வியாழன். கேள்வி: ‘புதுவரவு’

அடுத்த மாதம் பெல்லந்தூரில் வேலையில் சேர்கிறேன். ஊர் திண்டுக்கல். முன்பே அங்கே போன நண்பர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்: “பைக் வாங்கு, சந்து வழிகளைத் தெரிந்துகொள், மூன்று மாதத்தில் பழகிவிடும்.” உண்மைதானா? வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம்? பெரிய அட்வான்ஸ் கொடுக்க வசதி இல்லை.

அதே நாள், இரவு. அல்சூர்க்காரி

பழகாது. அல்சூரில் பிறந்து அல்சூரிலேயே தலை நரைக்கத் தொடங்கியவள் நான், எனக்கே பழகவில்லை.

என் அலுவலகம் காடுபீசனஹள்ளியில், நீங்கள் சேரப்போகும் அதே வெளிவட்டச் சாலையில், பெல்லந்தூருக்குச் சற்று முன்னால். வீட்டிலிருந்து நேர்வழி என்றால் பழைய விமான நிலையச் சாலை: கோடிஹள்ளி, முருகேஷ்பாளையம், எச்.ஏ.எல்., மாரத்தஹள்ளி. சில நாள் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். சில நாள் இரண்டு மணி நேரம் ஆகும். எந்த நாள் எது என்று புறப்படும்போது தெரியாது. இரண்டு மணி நேரம்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் எப்படியாவது வகை செய்துகொள்ளலாம். தெரியாமல் கிளம்புவதுதான் ஆளைத் தின்கிறது.

ஆகவே வேகமான வழியைத் தேடாதீர்கள். தினமும் ஏறக்குறைய ஒரே நேரம் எடுக்கும் வழியைத் தேடுங்கள், அது மெதுவானதாக இருந்தாலும். மீதியை நாளை எழுதுகிறேன். குக்கர் கூப்பிடுகிறது.

5 செப்டம்பர், வெள்ளி

டாம்டாம் என்ற வரைபட நிறுவனத்தின் நெரிசல் கணக்கைக் காட்டி ஒருவர் மறுத்திருக்கிறார். 2024-இல் பெங்களூரில் 10 கிலோமீட்டர் கடக்கச் சராசரியாக 34 நிமிடம் 10 விநாடி. அப்படியானால் 15 கிலோமீட்டருக்கு ஐம்பது நிமிடம்தானே, இதற்கா இத்தனை புலம்பல் என்கிறார்.

ஐயா, சராசரியில் ஏறிக்கொண்டு யாரும் அலுவலகம் போவதில்லை. ஒன்பதரை மணிக் கூட்டத்துக்குச் சராசரியை நம்பிப் புறப்பட்டால் பாதி நாள் தாமதம். தாமதமே கூடாது என்றால் வாரத்தின் மிக மோசமான நாளுக்கு ஏற்றபடி தினமும் புறப்பட வேண்டும். மற்ற நாட்களில் ஒரு மணி நேரம் முன்பே போய், பூட்டிய கூட்ட அறையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். நான் இருப்பது கணக்குப் பிரிவு. வராக் கடனுக்கு என்று ஒரு தொகையை ஒதுக்கி வைப்போம். கடன் வசூலாகிவிட்டால் ஒதுக்கீட்டைத் திருப்பி எழுதிக்கொள்ளலாம். சாலைக்கு ஒதுக்கிய நேரம் அப்படித் திரும்பி வராது.

ஒரே சாலை ஒரு நாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி ஏன் இருக்கிறது? ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தினர் ஒரு சோதனை செய்து 2008-இல் வெளியிட்டார்கள். 230 மீட்டர் வட்டப் பாதை, 22 கார்கள், எல்லோரும் ஒரே வேகத்தில், ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் ஓட்ட வேண்டும். சிக்னல் கிடையாது, பள்ளம் கிடையாது, குறுக்கே நடப்பவர் கிடையாது. சற்று நேரத்தில் யாரோ ஒருவர் லேசாக வேகத்தைக் குறைக்க, பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம் குறைக்க, அதற்கும் பின்னால் ஒருவர் நின்றேவிட்டார். அந்த நிறுத்தம் அலையாகப் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. காரணம் என்று கைகாட்ட அங்கே எதுவும் இல்லை. அந்த வட்டத்துக்கு அத்தனை கார்கள் அதிகம், அவ்வளவுதான்.

நம் வெளிவட்டச் சாலையில் காரணங்களுக்கும் பஞ்சம் இல்லை. சாலை முக்கால் பங்கு நிரம்பியிருக்கும்போது பழுதாகி நிற்கும் ஒரு தண்ணீர் லாரி சின்னத் தொல்லை. முழுக்க நிரம்பியிருக்கும்போது அதே லாரி ஒரு காலைப்பொழுதையே சாப்பிட்டுவிடும். லாரி எந்த நாள் எங்கே நிற்கும் என்பதை எந்தச் செயலியும் முதல் நாள் இரவு சொல்லாது.

5 செப்டம்பர், சற்று நேரம் கழித்து

“பழகாது என்பதற்கு ஆதாரம் உண்டா?” என்று கேட்டவருக்கு: புரூனோ ஃபிரை, அலோய்ஸ் ஸ்டுட்சர் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஜெர்மானியக் குடும்பங்களின் பல ஆண்டுக் கணக்கெடுப்பை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நீண்ட தூரம் போய் வருபவர் அதற்கு ஈடாக நல்ல சம்பளமோ நல்ல வீடோ பெற்று மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்பது பாடப்புத்தக எதிர்பார்ப்பு. அப்படி இல்லை, பயண நேரம் கூடக் கூட வாழ்க்கையில் திருப்தி குறைவாகவே பதிவாகியிருந்தது. ஜெர்மனியின் சாலையிலேயே இந்தக் கதி.

8 செப்டம்பர், திங்கள்

என் வழியைக் கேட்டிருக்கிறார்கள். ஹலசூரு நிலையத்தில் (அல்சூரின் கன்னடப் பெயர்தான் ஹலசூரு) ஊதா வழித்தட மெட்ரோ, கே.ஆர்.புரம் வரை. அங்கிருந்து வெளிவட்டச் சாலையில் 500 வரிசைப் பேருந்து ஏதாவது ஒன்று. வரைபடத்தில் பார்த்தால் சிரிப்பு வரும். மூக்கைத் தொடத் தலையைச் சுற்றுகிறேன். ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. ஆனால் அது ஒன்றேகால் மணி நேரமாகவே இருக்கிறது.

இதில் ரயில் பகுதிக்கு நான் பொறுப்பு. பேருந்துப் பகுதிக்கு ஆண்டவன் பொறுப்பு. அதனால்தான் ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகிறேன், மகாதேவபுரம் நிரம்புவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று. எட்டரைக்கு மேல் கே.ஆர்.புரத்தில் இறங்கினால் ரயிலில் சேர்த்த நேரத்தையெல்லாம் மாரத்தஹள்ளிக்குள் தொலைத்துவிடலாம்.

பயணத்தில் நம்ப முடியாத கண்ணி ஒன்று இருந்தால் முழுப் பயணமும் அதன் கையில் என்பதை 2023-இல் நன்றாக அனுபவித்தோம். அந்த மார்ச்சில் ஒயிட்ஃபீல்டிலிருந்து கே.ஆர்.புரம் வரை மெட்ரோ திறந்தார்கள். இந்தப் பக்கத்து ரயில் பையப்பனஹள்ளியோடு நின்றது. நடுவே இரண்டு கிலோமீட்டர் மட்டும் இல்லை. அக்டோபர் 9 வரைக்கும் அந்த இரண்டு கிலோமீட்டருக்கு இணைப்புப் பேருந்து. இரண்டு பக்கமும் கடிகாரம் தவறாத ரயில், நடுவில் டின் ஃபேக்டரி சந்திப்பு. ஒயிட்ஃபீல்டு போன என் தோழி தினமும் அந்தச் சந்திப்பைத்தான் வைதாள், ரயிலை ஒருநாளும் வையவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2019 அக்டோபரில் இதே வெளிவட்டச் சாலையில் பேருந்துக்கென்று தனித் தடம் ஒதுக்கினார்கள். கம்பங்கள் நட்டுப் பிரித்திருந்தார்கள். பக்கத்தில் கார்கள் நிற்க, நாங்கள் நகர்ந்தோம். பிறகு பெருந்தொற்று, அதன் பிறகு மெட்ரோ தூண் வேலை. தடமும் போயிற்று, கம்பங்களும் போயின. இந்த நகரம் நெரிசலுக்காகச் செய்ததில் மிக மலிவானதும் எனக்குப் பிடித்ததும் அதுதான். அதற்காக யாரும் கொடி பிடிக்கவில்லை, நான் உட்பட.

9 செப்டம்பர், செவ்வாய்

என் வீட்டுக்காரர் இந்த இழையைப் படித்துவிட்டார். அவர் வேலை பீன்யாவில். அல்சூரிலிருந்து ஊதா ரயில் ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை ரயிலுக்கு மாறினால் பீன்யாவிலேயே இறங்கலாம். அவர் காரில்தான் போவார். மெஜஸ்டிக் படிக்கட்டில் மாறி ஏறத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை என்று நான் சொல்வதுண்டு. “பிப்ரவரியில் கட்டணத்தை ஏற்றினார்களே, அதிகபட்சம் 60 ரூபாயாக இருந்தது 90 ஆயிற்றே, அதையும் எழுது” என்கிறார். எழுதிவிட்டேன். காருக்குப் போடும் பெட்ரோலையும் அவர் எழுதலாம்.

13 செப்டம்பர், சனி

பைக் கட்சிக்காரர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்: நேரம் மாறாமல் இருப்பதுதான் முக்கியம் என்று நான் சொல்லும் அளவுகோலால் அளந்தாலும் பைக்குக்கு நல்ல மதிப்பெண் விழுகிறது. கார் நிற்கும் இடத்தில் பைக் ஊர்ந்தாவது போகும். நகரத்தின் வாகனங்களில் பெரும்பகுதி இருசக்கரமாக இருப்பது சும்மா இல்லை.

ஆனால் அந்த நேர உறுதியைப் பலர் எங்கிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா? நடைபாதையிலிருந்து. மாரத்தஹள்ளிப் பாலத்தடியில் நடந்து போகும்போது பின்னாலிருந்து ஹாரன். திரும்பிப் பார்த்தால், நடைபாதையில் நடப்பவள் வழிவிட வேண்டும் என்கிற முகம். நான் நகர்வதில்லை. கைப்பையைத் தரையில் வைத்துவிட்டுச் செருப்பு வாரைச் சரிசெய்யத் தொடங்கிவிடுவேன். என் வயதுக்குக் கிடைத்த சலுகை.

தம்பி, பைக் வாங்கினால் மெட்ரோ நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள சில கிலோமீட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். தினமும் போகவர முப்பது கிலோமீட்டர் புகையில், லாரிக்கும் பேருந்துக்கும் நடுவில் வேண்டாம். இடுப்பு வலியைப் பற்றி இருபத்தைந்து வயதுக்காரரிடம் சொல்லிப் பயனில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

13 செப்டம்பர், பின்குறிப்பு

சந்து வழிகள் பற்றி: எல்லோருடைய கைப்பேசியும் ஒரே சந்தைத்தான் காட்டுகிறது. லேஅவுட்டுக்குள் ஒரு வீட்டு வாசலில் கோலத்தின் மேல் நின்றிருந்த காருக்குள் நான் இருந்திருக்கிறேன்; அந்த வீட்டம்மா வெளியே வந்து எங்களைப் பார்த்த பார்வையில் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டோம். பிரதான சாலை அகலமானது, நின்றாலும் பிறகு நகரும். சந்தில் எதிரே ஒரு பள்ளிக்கூட வேன் வந்தால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

16 செப்டம்பர், செவ்வாய்

நெரிசலைச் சமாளிப்பது என்று எழுதுகிற ஆண்கள் பாட்டுக் கேட்பது, மூச்சுப் பயிற்சி, ஒலிப்புத்தகம் என்று அடுக்குகிறார்கள். ஒருவர்கூடச் சிறுநீர் பற்றி எழுதவில்லை.

என்னுடன் வேலை செய்யும் பெண்களில் பலர் மாலை நான்கு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. கேப் காரில் எத்தனை நேரம் ஆகும் என்று தெரியாது, நடுவில் இறங்க இடமும் இல்லை. ஆண்கள் சுவரைத் தேடிக்கொள்கிறார்கள். அந்தப் பெண்களில் இரண்டு பேர் சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து சாப்பிடுகிறார்கள். மருத்துவர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்கிறார், சாலை குடிக்காதே என்கிறது. மாதவிடாய் நாட்களில் வெளிவட்டச் சாலையில் அசையாமல் நிற்பதை எழுதினால் இழையை மூடிவிடுவார்களோ என்னவோ.

மெட்ரோவுக்கு நான் மாறியதற்கு மிகப் பெரிய காரணம் இதுதான். நிலையத்தில் கழிப்பறை இருக்கிறது. முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாம். கழிப்பறையில் தொடங்கினால் யார் மேலே படிப்பார்கள் என்று கடைசிக்குத் தள்ளினேன்.

காரில் போகிறவர்களுக்கு நடைமுறை யோசனை: வழியில் தூய்மையான கழிப்பறை உள்ள பெட்ரோல் நிலையம், உணவகம், வணிக வளாகம் இரண்டு மூன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சந்து வழிகளைவிட இதற்குப் பயன் அதிகம்.

18 செப்டம்பர், வியாழன்

“ஓசூரில் தங்கினால் என்ன, வாடகை குறைவு, நம் ஊர்” என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. சாலை வழி என்றால் அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மனஹள்ளி என்று வரிசையாகக் கும்பிடு போட்டுக்கொண்டு வர வேண்டும். ரயில் என்றால் விஷயமே வேறு. ஓசூர்த் தடத்தில் ஹீலலிகே, கார்மேலாரம், பெல்லந்தூர் ரோடு என்று நிலையங்கள் இருக்கின்றன. புதுவரவுக்கு அவருடைய அலுவலகம் இருக்கும் இடத்தின் பெயரிலேயே ஒரு ரயில் நிலையம் இருப்பது தெரியாது என்று நினைக்கிறேன். பெங்களூர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. ரயில்கள் சொற்பம், எல்லாம் எல்லா இடத்திலும் நிற்பதில்லை, தவறவிட்டால் போயிற்று. ஆனால் நேரம் அட்டவணையில் அச்சாகியிருக்கிறது.

இங்கே கோலார் தங்கவயல் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் தாய்மாமா அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கப் பகுதி ஆள். 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டபோது அவரைப் போன்றவர்கள் முன் இரண்டு வழிகள்: வீட்டை விட்டுவிட்டு இங்கே வாடகைக்கு வருவது, அல்லது தினமும் வந்து திரும்புவது. மாமா திரும்பினார். விடிவதற்கு முன் மாரிக்குப்பத்திலிருந்து ரயில், இரவு அதே வழி. பங்காருப்பேட்டை வழியாக ஒரு பக்கம் மட்டும் நூறு கிலோமீட்டருக்குப் பக்கம். அப்படி ஓடி ஓய்வு பெற்றார். தூரத்தைப் பற்றி மாமா புலம்பி நான் கேட்டதில்லை. பெட்டியில் அவருக்கென்று ஓர் இடம், ஒரு சீட்டாட்டக் கூட்டம், ஒரு பஜனைக் கூட்டம். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து தூங்குவார். எந்த நிலையத்தில் விழிக்க வேண்டும் என்று உடம்புக்குத் தெரியும்.

அதே மாமா என் வீட்டுக்கு வந்து, அல்சூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஒரு நாள் காரில் போய் வந்தார். “நீங்கள் எல்லோரும் எப்படியம்மா பிழைக்கிறீர்கள்” என்று கேட்டார்.

மாமாவின் வாழ்க்கை நல்ல வாழ்க்கை என்று சொல்லவரவில்லை. அத்தைதான் பிள்ளைகளைத் தனியாக வளர்த்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பகலில் பார்த்த அப்பா என்று என் மாமா மகள் இன்றும் சொல்கிறாள். உறுதியான நேரம் உடம்பைக் காப்பாற்றும். வீட்டுக்குத் திரும்பி வராத நேரம் வராததுதான்.

25 செப்டம்பர், வியாழன்

செய்தி பார்த்திருப்பீர்கள். விப்ரோவின் சர்ஜாப்பூர் சாலை வளாகத்தின் உள்ளே வாகனங்களை விடலாமா என்று முதல்வர் சித்தராமையா கடிதம் எழுத, அசீம் பிரேம்ஜி மறுத்துப் பதில் எழுதிவிட்டார்: தனியார் இடம், சிறப்புப் பொருளாதார மண்டலம், பொதுப் போக்குவரத்துக்கு ஏற்றதல்ல, வேண்டுமானால் நெரிசலுக்கு ஆய்வு செய்ய உதவுகிறோம் என்று. அலுவலகத்தில் மதியச் சாப்பாடு முழுக்க இதே சண்டை.

திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் புதிய குறுக்கு வழி திறந்தால் நெரிசல் குறைந்தே தீரும் என்று மேசையைத் தட்டியவர்களுக்கு ஒரு தகவல்: டீட்ரிஷ் பிரேஸ் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர் 1968-இலேயே இதன் மறுபக்கத்தைக் காட்டிவிட்டார். சாலை வலையில் ஒரு புது இணைப்பைச் சேர்த்தால், ஒவ்வொருவரும் தனக்கு விரைவான வழியைத் தேர்ந்தெடுப்பதாலேயே எல்லோருக்கும் நேரம் கூடிவிடக்கூடிய அமைப்புகள் உண்டு. எங்கும் அப்படித்தான் நடக்கும் என்பதில்லை, நடக்கக்கூடும். அந்தோனி டௌன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் அதற்கும் முன்பே, 1962-இல், நெரிசல் நேரத்து விரைவுச்சாலை எவ்வளவு அகலப்படுத்தினாலும் நிரம்பிவிடும் என்று எழுதினார். ஹெப்பாளத்திலிருந்து சில்க் போர்டு வரை பூமிக்கு அடியில் கார்ச் சுரங்கம் தோண்டும் திட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்த மனிதரை நினைத்துக்கொள்கிறேன்.

27 செப்டம்பர், சனி

நான் மேம்பாலங்களுக்கு எதிரி என்று ஒருவர் முத்திரை குத்தியிருக்கிறார். இல்லை. சில்க் போர்டு ஈரடுக்குப் பாலம் 2024 ஜூலையில் ஒரு பக்கம் திறந்தபோது நானும் போய்ப் பார்த்தேன். கீழே சாலை, மேலே சாலை, அதற்கும் மேலே ரயில். கண்ணுக்கு நன்றாகவே இருக்கிறது. எதிரி என்றால் ஈஜிபுரா மேம்பாலத்துக்கு மட்டும். 2017-இல் தொடங்கிய வேலை. இரண்டரைக் கிலோமீட்டர். நடுவில் ஒப்பந்தத்தை ரத்து செய்து, மறுபடி ஒருவரிடம் கொடுத்து, இன்னும் முடியவில்லை. ஈஜிபுராவில் ஒரு கல்யாணப் பேச்சு இழுத்துக்கொண்டே போனால் ‘மேம்பாலச் சம்பந்தம்’ என்கிறார்கள்.

4 அக்டோபர், சனி

நேற்று மாலை கொட்டிய மழையில் வீடு வந்து சேர்ந்த கதையை எழுதப்போவதில்லை. ஒன்றே ஒன்று. மழையில் தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதைக்குள் எந்த வண்டியிலும் இறங்காதீர்கள். முன்னால் போன கார் போய்விட்டதே என்று பார்க்காதீர்கள், பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். 2023 மே மாதம் கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் காரோடு மூழ்கி ஓர் இளம்பெண் இறந்துபோனார். சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவுக்குக் கூப்பிடு தூரத்தில். மாலை மழை வலுத்தால் அலுவலகத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள். மழை நின்று ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்புபவர், மழையில் கிளம்பியவரோடு கூடவே வீடு சேர்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

5 அக்டோபர், ஞாயிறு

புதுவரவு வந்துவிட்டார். பி.டி.எம். லேஅவுட்டில் நண்பர்களோடு தங்குவதா, பெல்லந்தூரிலேயே விடுதியா என்று கேட்கிறார். பி.டி.எம்-இல் தோழமை, நல்ல தமிழ்ச் சாப்பாடு. பெல்லந்தூரில் லாரித் தண்ணீர், புழுதி, மெட்ரோ வேலைத் தடுப்புகள்.

விடுதி. யோசிக்கவே வேண்டாம். நடந்து போகும் தூரத்தில் பேயிங் கெஸ்ட் விடுதி எடுங்கள். இந்த ஊரில் வீட்டுக்கு ஆறு மாதம், பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பார்கள். கொடுத்துவிட்டால் வேலை மாறினாலும் அந்த வீட்டைவிட்டு நகர மனம் வராது. நெரிசலில் தினமும் நிற்பவர்களில் எத்தனையோ பேர் அந்த அட்வான்ஸில் மாட்டிக்கொண்டவர்கள். விடுதி என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போகலாம். நண்பர்களைப் பார்க்கச் சனிக்கிழமை பி.டி.எம். போங்கள். அப்போது தாமதமானால் யாரும் சம்பளத்தைப் பிடிக்கமாட்டார்கள்.

இது தனி ஆளுக்கான யோசனை என்பதும் தெரிகிறது. கணவனுக்குப் பீன்யா, மனைவிக்கு வெளிவட்டச் சாலை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேறெங்கோ என்றால் எந்த வீடும் நடந்து போகும் தூரத்தில் இருக்காது. நாங்கள் அல்சூரை விடாததற்குப் பாசம் பாதி. நடுவில் இருக்கிறது என்பது மீதி.

5 அக்டோபர், கூடுதல்

அக்கா ஒருவர் கேட்டதற்கு: 2023 ஜூன் 11 முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை, உண்மைதான். கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும். தமிழ்நாட்டு ஆதாரைக் காட்டினால் கண்டக்டர் டிக்கெட் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்வார். குளிரூட்டிய வஜ்ரா பேருந்தில் எல்லோருக்கும் கட்டணம் உண்டு.

11 அக்டோபர், சனி

வீட்டுக்காரரைப் பற்றி எழுதியதற்கு ஒரு சேர்க்கை. நேற்றிரவு ஏன் காரை விடமாட்டேன் என்கிறீர்கள் என்று சண்டையில்லாமல் கேட்டேன். “பட்டறையில் காலை முதல் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டில் நீங்கள் எல்லோரும். காரில் ஒன்றரை மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை” என்றார். எனக்கு அப்படி ஒன்றரை மணி நேரம் எங்கே கிடைக்கிறது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை, ஏனென்றால் ரயிலில் எனக்கும் அது கிடைக்கிறது. ஆக, பயண நேரத்தைச் சுழியமாக்கிவிட்டால் எல்லோரும் மகிழ்வார்கள் என்பதில் எனக்கு இப்போது கொஞ்சம் சந்தேகம். கிளட்சை மிதித்து மிதித்து அவருக்கு இடது முழங்கால் போயிற்று என்பதில் சந்தேகம் இல்லை.

15 அக்டோபர், புதன்

தீபாவளி திங்கட்கிழமை வருகிறது. வெள்ளிக்கிழமை மாலை மடிவாளாவில் ஆம்னி பஸ் ஏற நினைப்பவர்கள் இந்தக் குறிப்பைப் படியுங்கள். பஸ் பத்து மணிக்கு என்றால் மடிவாளாவுக்கே பதினொன்றரைக்கு வரும்; அதன் பிறகு அத்திப்பள்ளி தாண்ட விடிந்துவிடலாம். டிக்கெட் இல்லாதவர்கள் எப்படியாவது ரயிலில் ஓசூர் போய்ச் சேருங்கள். ஓசூர் பேருந்து நிலையத்தில் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என்று தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகள் நிற்கும். நின்றுகொண்டு போக நேரலாம். நிற்பது பஸ்ஸாக இருப்பதைவிட அது மேல். சனிக்கிழமை விடிகாலையில் கிளம்ப முடிந்தால் இன்னும் நல்லது.

23 அக்டோபர், வியாழன்

புதுவரவு ஓசூர் வழியாகவே போய் வந்தாராம். சேலம் வரை நின்றாராம். நன்றி சொல்லவில்லை, புகார் சொல்கிறார். சரியாகப் பழகிவருகிறார்.

9 நவம்பர், ஞாயிறு

மஞ்சள் வழித்தடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை ஆகஸ்டில் திறந்தபோது மூன்றே ரயில்கள், 25 நிமிடத்துக்கு ஒன்று. 2025 நவம்பர் தொடக்கத்தில் ஐந்து ரயில்கள், நெரிசல் நேரத்தில் 15 நிமிடத்துக்கு ஒன்று என்று ஆயிற்று. இன்னும் ரயில்கள் வரும் வரை பெட்டிக்குள் கூட்டம் இருக்கும், நடைமேடையில் காத்திருப்பும் இருக்கும். ஆனாலும் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்றால் நான் அதில்தான் போவேன். பதினைந்து நிமிடம் என்றால் பதினைந்து நிமிடம்.

பெல்லந்தூருக்கு நீல வழித்தடம் சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம் வரை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எப்போது திறக்கும் என்று என்னிடம் கேட்காதீர்கள். ஈஜிபுராவைப் பார்த்தவளிடம் தேதி கேட்கக் கூடாது.

12 நவம்பர், புதன்

பொங்கல் டிக்கெட் பற்றி மூன்று பேர் தனியாகக் கேட்டுவிட்டார்கள், எல்லோருக்கும் சேர்த்து: ரயில் முன்பதிவு இப்போது 120 நாள் இல்லை, 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். ஜனவரி 13 இரவு ஊருக்குப் புறப்பட வேண்டுமானால் நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்குத் திறக்கும். திண்டுக்கல்காரர் தூத்துக்குடி எக்ஸ்பிரஸைப் பார்க்கவும். ஏழே முக்காலுக்கே கணினி முன் உட்காருங்கள். அன்றைக்கு நான் வீட்டிலிருந்து வேலை. எனக்கும் மூன்று இருக்கை வேண்டும்.